ஹபீப் பாயும் ஜானு மாமியின் கிரைண்டரும்

எங்கள் சந்தில் யார் வீட்டுக்காவது ஹபீப் பாய் வந்திருக்கிறார் என்றால், தெருமுனைப் பூக்காரிக்குக்கூடத் தெரிந்துவிடும். அவர் சத்தம் போடமாட்டார். வீட்டில் இருப்பவர்களைச் சத்தம் போட வைப்பார். மெயின் போர்டுக்குக் கீழே ஸ்டூலைப் போட்டு ஏறி, பீங்கான் ப்யூஸ் கட்டைகளில் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு "எரியுதா?" என்பார். கூடத்திலிருந்து "எரியறது" என்று ஒரு குரல் வரும். சமையலறையிலிருந்து "இங்க போயிடுத்து" என்று இன்னொரு குரல். மாடியிலிருந்து நான் "ஃபேன் சுத்தறது, லைட் இல்லை" என்று கத்துவேன். பக்கத்து வீட்டிலிருந்து யாராவது குறும்புக்கு "எங்காத்துல எரியறது பாய்" என்பார்கள். எந்த ஒயர் எங்கே போகிறது என்று அவர் கண்டுபிடித்து முடிப்பதற்குள் வீட்டில் இருப்பவர்களுக்கெல்லாம் தொண்டை கட்டிப்போகும்.

தொண்ணூறுகளின் ஆரம்பத்து மயிலாப்பூர் அது. அந்த வீடுகளின் ஒயரிங்கை யாரும் திட்டம் போட்டுச் செய்ததில்லை. முதலில் கூடத்துக்கு ஒரு பல்பு. பிறகு ஏதோ ஒரு கல்யாணத்துக்காக ரேழியில் ஒரு ஃபேன். ரேடியோவுக்கு ஒரு பாயிண்ட், டிவி வந்ததும் அந்த ரேடியோ பாயிண்டிலிருந்தே இன்னொன்று. சுவரெல்லாம் ஒயரை மூடிக்கொண்டு மரப்பட்டை ஓடும். அதன்மேலேயே வருஷா வருஷம் சுண்ணாம்பு அடித்து, பட்டை எது சுவர் எது என்று தெரியாமல் போயிருக்கும். எந்த சுவிட்ச் எதற்கு என்று கேட்டால் வீட்டுக்காரரே ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துத்தான் சொல்வார். இப்போது கொட்டிவாக்கத்தில் என் ஃப்ளாட்டில் ஒவ்வொரு சுவிட்சுக்கும் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. "எரியுதா" என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அந்தக் கூச்சல் வேண்டியிருக்கிறது.

பாயின் முழுப்பெயர் ஹபீபுர் ரஹ்மான். வீடு மீர்சாகிப்பேட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால். இளவயதில் கோடம்பாக்கத்தில் ஒரு ஸ்டூடியோவில் லைட் தூக்கிக்கொண்டிருந்தாராம். ராத்திரி ஷூட்டிங் முடிந்து விடிந்தபிறகு வீட்டுக்கு வருகிறவனோடு குடித்தனம் நடத்த முடியாது என்று அவர் மனைவி ஜஹீதா கல்யாணமான புதிதில் கறாராகச் சொல்லிவிட, வீட்டு ஒயரிங் வேலைக்கு வந்துவிட்டார். "ஹீரோயின் மூஞ்சிக்கு லைட் புடிச்சவன் நானு. இப்ப உங்க வூட்டு பாத்ரூமுக்குப் புடிக்கறேன்" என்பார். சொல்லிவிட்டு அவரே முதலில் சிரிப்பார். சைக்கிள் பாரில் ஒரு காக்கிப் பை, சட்டைப் பையில் டெஸ்டர். அதைவிட அவர் நம்பியது ஒரு டெஸ்ட் லாம்ப்பை. ஹோல்டரில் ஒரு பல்பு, அதிலிருந்து இரண்டு ஒயர், அவ்வளவுதான் அது. பல்பு உடையாமலிருக்கப் பழைய லுங்கித் துணியில் சுற்றி வைத்திருப்பார். பிளக் பாயிண்டின் ஓட்டைகளில் அந்த இரண்டு ஒயரையும் மாற்றி மாற்றி வைப்பார். பல்பு பளிச்சென்று எரிந்தால் "சரியா கீது" என்பார். பாய் சரி என்றால் சரி. அதற்குமேல் எங்கள் சந்தில் அப்பீல் கிடையாது.

அவரிடம் நானும் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். என் டேப் ரிக்கார்டர் ஒயரில் பிளக் உடைந்துபோய், நான் ஒயர் நுனியை நேராக ஓட்டையில் விட்டு, அது நழுவாமலிருக்கத் தீக்குச்சி சொருகி வைத்திருந்தேன். ஊரில் பாதிப்பேர் அப்படித்தான் செய்தார்கள். பாய் பார்த்துவிட்டார். "இன்னா டீச்சரம்மா, தி.நகர்ல போய் புள்ளைங்களுக்கு சயின்ஸு சொல்லிக் குடுத்துகினு கீறீங்க. இங்க வந்து ஓட்டைல குச்சி வுட்டு வெச்சிருக்கீங்க. நல்லா கீதா இது?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் நியாயம் அவர் பக்கம். வாயை மூடிக்கொண்டு பிளக் வாங்க ஓடினேன்.

நான் மாடிப் போர்ஷனில் குடித்தனம். கீழே வீட்டுக்கார வெங்கடரமணன் மாமாவும் ஜானு மாமியும். மாமா இன்ஷூரன்ஸில் இருந்து ரிட்டயரானவர். பிள்ளை ஸ்ரீரங்கன் அடையாறில் ஃப்ளாட் வாங்கிக்கொண்டு போய்விட்டான். மாமிக்கு அறுபது ஆகவில்லை. அதிர்ந்து பேசமாட்டாள், சும்மா புலம்பவும் மாட்டாள். காலில் அம்மிக்குழவி விழுந்த அன்றுகூட "ஒண்ணுமில்லைடி, லேசா வீங்கியிருக்கு" என்றவள்.

ஆனால் மடி என்று வந்துவிட்டால் மாமி வேறு ஆள். விடிகாலையில் குளித்து, யார் கையும் படாமல் கொல்லையில் தனிக்கொடியில் உலர்த்திய புடவையைக் கட்டிக்கொண்டு, சமையலறைத் தரையைத் தண்ணீர் விட்டு அலம்பிவிட்டுத்தான் அடுப்பு மூட்டுவாள். பூஜை முடிந்து சுவாமிக்கு நைவேத்தியம் ஆகும்வரை அவளை யாரும் தொடக்கூடாது. மாமாவே வாசற்படிக்கு இந்தப்பக்கம் நின்றுதான் காபி கேட்பார். நான் ஏதாவது கேட்கப் போனால் "எட்ட நில்லு சாரு" என்பாள். எனக்கு இதிலெல்லாம் பெரிய ஈடுபாடு இல்லை. பன்னிரண்டு பி பஸ்ஸில் நசுங்கிப் போய் வருகிறவளுக்கு என்ன மடி? ஆனாலும் மாமி அடுக்களையில் தனியாக நடமாடுவதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். அந்த நேரம் முழுக்க முழுக்க அவளுடையது.

அந்த வருஷம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கொடியில் போட்ட மடிப்புடவை காயவேயில்லை. காயாவிட்டால் என்ன, ஈரத்தோடு கட்டிக்கொண்டால் மடிக்கு இன்னும் விசேஷம். மாமி ஈரப்புடவையோடு, ஈரத் தரையில் நின்று, இட்லிக்கு அரைத்துக்கொண்டிருந்தாள். தோள்வலி வந்ததிலிருந்து ஆட்டுக்கல்லை விட்டுவிட்டு அவள் கிரைண்டரில் அரைத்துவந்தாள். கவிழ்க்கிற மாதிரிப் பெரிய கிரைண்டர், உடம்பு முழுக்க இரும்பு. ஒருநாள் காலை நான் பள்ளிக்கூடம் கிளம்பும்போது மாமி கூப்பிட்டாள்.

"சாரு, இந்த மெஷின் என்னைக் கடிக்கறதுடி."

"கடிக்கறதா?"

"தொட்டா சுரீர்னு இழுக்கறது. முழங்கை வரைக்கும்."

மாமா குளித்துவிட்டு வந்து தொட்டுப் பார்த்தார். துடைத்த கை, துடைத்த கால், வாசற்படிக்கு இந்தப் பக்கமிருந்தபடியே எட்டி ஒரு தட்டு. "ஒண்ணுமில்லையே" என்றார். மறுநாள் மறுபடி மாமி கடிக்கிறது என்றாள். பாயை வரச் சொன்னார்கள்.

பாய் எப்போதுமே மத்தியானத்துக்கு மேல்தான் மயிலாப்பூர் பக்கம் வருவார். அது அவரே வகுத்துக்கொண்ட வழக்கம். காலையில் இந்த வீடுகளில் மடி, பூஜை என்று இருக்கும், நாம் போய்க் குறுக்கே நிற்கக்கூடாது என்று ராயப்பேட்டைப் பக்கத்து வேலைகளையெல்லாம் காலையில் முடித்துவிடுவார். அன்றும் மூன்று மணிவாக்கில் வந்தார். டெஸ்டரைக் கிரைண்டரின் மேல் வைத்தார், எரியவில்லை. டெஸ்ட் லாம்ப்பை எடுத்து பிளக் பாயிண்டில் மாற்றி மாற்றி வைத்தார். இந்த ஓட்டைக்கும் அந்த ஓட்டைக்கும் நடுவே எரிந்தது. மேலே இருக்கும் எர்த் ஓட்டையில் வைத்தாலும் பளிச்சென்று எரிந்தது. "பாயிண்ட் சரியா கீது மாமி. எர்த்தும் கீது" என்றார். பிளேட்டைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. எரிகிறபோது எதற்குக் கழற்றுவது?

மறுநாள் காலை மறுபடி கடித்தது. பாய் மறுபடி வந்து கிரைண்டரைப் பிரித்து மோட்டாரைத் துடைத்துப் பார்த்தார். இன்னொரு நாள் வந்து பிளக்கை மாற்றினார். ஒவ்வொரு தடவையும் அவர் கையை வைத்துக் காட்டுவார், மாமியும் வைத்துப் பார்ப்பாள். அப்போது ஒன்றுமே இருக்காது. மாமியின் முகம் சுருங்கிப்போகும். "நேக்கு என்னமோ..." என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிடுவாள்.

ஸ்ரீரங்கன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து அம்மாவை டாக்டரிடம் அழைத்துப் போனான். அவர் நரம்புத் தளர்ச்சி, இந்த வயதில் பெண்களுக்கு வருவதுதான் என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாமா தினமும் தம்ளரில் தண்ணீரோடு மாத்திரையை எடுத்துக்கொண்டு நிற்பார். "போட்டுண்டுடு ஜானு, எல்லாம் சரியாயிடும்" என்பார். நல்ல மனுஷர்தான். அன்பாகத்தான் சொல்வார். அந்த அன்பைப் பார்த்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு பெண்பிள்ளை கைவலி என்றால் நரம்பு, தலைவலி என்றால் மனசு, கடிக்கிறது என்றால் பிரமை! தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

இதில் ஒரு வேடிக்கையையும் சொல்லியாக வேண்டும். அந்த வருஷம்தான் ஸ்ரீரங்கன் அப்பாவுக்காக ஒரு கீசர் வாங்கி மாட்டியிருந்தான். கடைக்காரர் அனுப்பிய ஆள் நடையில் ஓடிய பழைய லைனிலிருந்தே இழுத்து மாட்டிவிட்டுப் போனான். அதே ஐப்பசியில் மாமா "கீசர் முன்னே மாதிரி சுடலை" என்று ஒரு வார்த்தை சொன்னார். அன்றைக்கு மத்தியானமே மெக்கானிக் வந்து நின்றான். கீசரில் ஒன்றுமில்லை, இந்தத் தெருவில் வோல்டேஜ் குறைச்சல் என்று சொல்லிவிட்டுப் போனான். வெந்நீர் சுடவில்லை என்றால் மெக்கானிக், மெஷின் கடிக்கிறது என்றால் மாத்திரை. நான் இதை மாமாவிடமே சொன்னேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கார்த்திகை பிறந்ததும் ஸ்ரீரங்கன் ஒரு முடிவோடு வந்தான். அம்மா இனிமேல் தனியாக அடுக்களையில் நிற்கவேண்டாம், எங்கேயாவது விழுந்து வைத்தால் யார் பார்ப்பது? அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் அடையாறுக்கு வந்துவிட வேண்டியது. அங்கே சமையலுக்கு ஒரு ஆள் இருக்கிறாள். கிரைண்டரை யாருக்காவது கொடுத்துவிடலாம். அவன் கத்தவில்லை, அதட்டவில்லை. குழந்தைக்குச் சொல்வதுபோல் நிதானமாகச் சொன்னான். மாமி தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள்.

அந்த வாரம் முழுவதும் அவள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாடிப்படியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"சாரு, நெஜத்தைச் சொல்லு. நான் கொஞ்சம் ஒரு மாதிரியாத்தான் ஆயிட்டேனா?"

"என்ன மாமி இது அசட்டுத்தனமா."

"இல்லைடி. கடிக்கறதுன்னு கையை வைக்கவே பயமா இருக்கு. ஆனா நாலு பேர் தொட்டா ஒண்ணுமில்லைங்கறா. பாயே இல்லைங்கறார். அவருக்கு என்மேல என்ன விரோதம்? நேக்கே எம்மேல நம்பிக்கை போயிடுத்து. அடையாறு போறதுகூடப் பெரிசில்லை. பைத்தியம்னு பேரோட போகணுமே."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கை சில்லென்று இருந்தது. அப்போதுதான் மழையில் துணி எடுத்துவிட்டு வந்திருந்தாள். இரண்டு பேரும் கொஞ்சநேரம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

மாமி மெதுவாகச் சொன்னாள். "பாய் வர்றப்போ எல்லாம் காஞ்சு போயிடறதுடி."

"என்ன காஞ்சு போறது?"

"எல்லாமும்தான். காலம்பர நான் நிக்கறச்சே தரை ஈரம், புடவை ஈரம், கால் ஈரம். அவர் மூணு மணிக்கு வர்றார். தரையைத் துடைச்சு, நானும் வேற புடவை மாத்திண்டு, காஞ்சுபோய் நிக்கறேன். நேக்கு இருக்கறாப்பல அவர் ஒருநாளாவது இருந்து பாத்தாரோ? மடின்னு நானும் கூப்பிடலை, மடின்னு அவரும் வரலை."

சயின்ஸ் டீச்சர் என்று பேர். எனக்குத் தோன்றவில்லையே!

"ஞாயித்துக்கிழமை ரங்கன் வர்றதுக்கு முன்னாடி பாயைக் கூட்டிண்டு வந்துடு" என்றாள் மாமி. "நான் மடியோட அரைக்கறப்பவே வரணும்."

ஞாயிறு விடியற்காலை, மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் மீர்சாகிப்பேட்டைக்குப் போனேன். ஜஹீதா கதவைத் திறந்து என்னைப் பார்த்ததும் யாருக்கோ என்னமோ ஆகிவிட்டது என்று பதறிவிட்டாள். பாய் டீ குடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் டீ டம்ளரை அப்படியே கீழே வைத்தார். "மாமி சொன்னாங்களா இத்த? ஈரம்னு?" என்றார். பையை எடுத்துக்கொண்டு என்னோடு ஆட்டோவில் ஏறினார்.

நாங்கள் போனபோது கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. மாமா குளியலறைக்குள் இருந்தார். மாமி ஈரப்புடவையும் முடியில் துண்டுமாக, கிரைண்டரைத் தொடாமல் தள்ளி நின்றுகொண்டிருந்தாள். பாய் அடுக்களை வாசலில் நின்றுவிட்டார்.

"மாமி, மடியா கீறீங்க. நா எப்படி உள்ள..."

"வாங்கோ பாய்."

"சாமி சமையல் ஆவுது மாமி."

"சுவாமி இன்னிக்கு ரெண்டு நாழி பசியோட இருக்கட்டும். செருப்பைக் கழட்டிட்டு, அந்த வாளித் தண்ணியில காலையும் கையையும் நனைச்சுண்டு வாங்கோ. துடைச்சுக்காதேங்கோ."

பாய் அப்படியே செய்தார். ஈரக்காலோடு மாமியின் மடி அடுக்களைக்குள் போனார். நான் அந்த வீட்டில் குடியேறிய நாளிலிருந்து நடக்காத காரியம் அது. மாமி நகர்ந்து தான் நின்ற இடத்தைக் காட்டினாள். அவர் அங்கே நின்று, புறங்கையால் கிரைண்டரைத் தொட்டார்.

கை தன்னால் பின்னால் துள்ளியது. இன்னொரு தடவை தொட்டார், மறுபடி துள்ளியது. டெஸ்டரை எடுத்து வைத்தார். டெஸ்டர் எரியவேயில்லை. அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"கடிக்குது மாமி. டெஸ்டருக்குத் தெரியற அளவு இல்ல. ஆனா கடிக்குது. நீங்க சொன்னது கரெட்டு."

மாமி அப்படியே சுவரில் சாய்ந்து, ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "கடிக்கறதா? நெஜமா கடிக்கறதா?" என்று கேட்டாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

மாமா தலையைத் துவட்டிக்கொண்டே வெளியே வந்தார். பாய் அவருக்குக் காட்ட அவசரமாகக் கிரைண்டரை மறுபடி தொட்டார். இப்போது கடிக்கவில்லை. ஒரு நிமிஷம் யோசித்தார். "சார், கீசரை நிறுத்தினீங்களா? திருப்பிப் போடுங்க" என்றார். மாமா போட்டார். கடித்தது. நிறுத்தச் சொன்னார். கடிக்கவில்லை. இது போதும் என்று மெயினை நிறுத்திவிட்டு நடையில் கீசருக்கு லைன் இழுத்த இடத்தில் ஸ்டூல் போட்டு ஏறி, மரப்பட்டையின் மூடியை நெம்பினார். உள்ளே இரண்டு ஒயரைச் சேர்த்துக் கட்டிய இடம் கரிக்கட்டையாக இருந்தது. பட்டையின் உட்பக்கமும் கருகியிருந்தது. கீசருக்கும் அடுக்களைக்கும் போன கரண்ட் சேர்ந்து திரும்பி வருகிற நியூட்ரல் ஒயர் அது. கீசரின் பாரம் தாங்காமல் அந்தக் கட்டு வெந்துபோய், கரண்ட் திரும்பத் தடுமாறியிருக்கிறது. மாமாவுக்கு வெந்நீர் சுடாததும் அதனால்தான். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் வீடே பிடித்துக்கொண்டிருக்கும்.

"சரி, அது நடைல வெந்துது. கிரைண்டருக்கு ஏன் வந்தது?" என்று மாமா கேட்டார்.

பாய் அடுக்களைக்குப் போய் பிளக் பாயிண்டின் பிளேட்டைக் கழற்றினார். அந்த நேரத்துக்கு ஸ்ரீரங்கனும் வந்துவிட்டான். அம்மா கீழே உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பதறினான். நான் நடந்ததைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பாய் எங்களை அழைத்துக் காட்டினார். எர்த் ஓட்டையிலிருந்து ஒரு சின்ன சிவப்பு ஒயர்த் துண்டு, பக்கத்தில் இருக்கும் அந்தத் திரும்பி வருகிற ஒயரோடு முறுக்கப்பட்டிருந்தது.

"எர்த்து மண்ணுக்குப் போவணும். கொல்லைல குழி வெட்டி, உப்பும் கரியும் போட்டு, பைப் நட்டு, அதுலேர்ந்து ஒயர் வரணும். இங்க அதுக்குப் பதிலா இந்தத் துண்டைப் போட்டு நியூட்ரல்லயே சேத்துட்டாங்க. நியூட்ரல் நல்லா கீற வரைக்கும் ஒண்ணும் தெரியாது. டெஸ்ட் லாம்ப்பும் எரியும். அங்க நடைல அது கெட்டதும், திரும்ப முடியாத கரண்டு இந்தத் துண்டு வழியா மெஷினு ஒடம்புல வந்து நிக்குது."

"எந்த முட்டாள் போட்டான் இதை?" என்றான் ஸ்ரீரங்கன்.

"நான்தான் சார் போட்டேன்" என்றார் பாய். "மெஷின் வாங்கின அன்னிக்கு நான்தான் இந்தப் பாயிண்டு போட்டது. இந்த முறுக்கு என் கை முறுக்கு. எத்தினியோ வூட்ல எத்தினியோ பாயிண்டு, மறந்து பூட்டேன்."

அவர் சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்குத் தெரியும்? எங்களில் ஒருவருக்காவது அந்தத் துண்டு யார் கைவேலை என்று தெரியுமா?

ஸ்ரீரங்கன் வெடித்துவிட்டான். அம்மாவுக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்த கோபம், தன்மேலேயே வந்த கோபம், எல்லாம் சேர்ந்து பாயின் தலையில் இறங்கியது. "எங்கம்மாவைக் கொன்னிருப்பீர் ஐயா. இத்தனை நாள் வந்து சரியா இருக்கு சரியா இருக்குன்னு சொல்லிட்டுப் போனீரே. இனிமே இந்தாத்துப் படி ஏறாதீர்" என்றான். ஊருக்கு இளைத்தவன் அகப்பட்டுவிட்டான். பாய் ஸ்க்ரூ டிரைவரையும் டெஸ்ட் லாம்ப்பையும் பையில் போட ஆரம்பித்தார்.

"ரங்கா, நிறுத்து" என்றாள் மாமி. எழுந்து நின்றிருந்தாள். "அன்னிக்கு இவர் கொல்லையில குழி தோண்டணும்னார். கடப்பாரையோட வந்து நின்னார். துளசி மாடம் இருக்கு, மடிக்கொடி இருக்கு, அங்க யாரும் கால் வைக்கப்படாதுன்னு நான்தான் சொன்னேன். மறுபடியும் வந்து கேட்டார். நான் கொல்லைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுட்டேன். எப்படியாவது இங்கயே பண்ணிக் குடுத்துட்டுப் போங்கோன்னேன். அப்பறம் அவர் என்ன பண்ணுவார்?"

பாய் பையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "வுடுங்க மாமி. முடியாதுன்னு சொல்லிட்டு நா போயிருக்கணும். துண்டு போட்டது நான்தான்" என்றார்.

"அம்மா, நீ பாவம் பாத்துண்டு அவருக்காகச் சொல்றே" என்றான் ஸ்ரீரங்கன். "நோக்கு இதெல்லாம் எங்க ஞாபகம் இருக்கப் போறது?"

மாமி அவனைப் பார்த்தாள். அவள் குரல் உயரவில்லை. அந்தக் குரலை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

"கடிக்கறதுன்னேன், நம்பலை. இப்போ தப்பு என்னோடதுன்னு சொல்றேன். இதையுமா நம்ப மாட்டே?"

மாமா ஈரத்துண்டோடு ஒரு அடி முன்னால் வந்தார். பிறகு, "நான் நம்பறேன் ஜானு" என்றார்.

மாமி நேரே போய்க் கொல்லைக் கதவின் தாழ்ப்பாளைத் திறந்து, கொடியில் தொங்கிய மடிப்புடவையைத் தன் கையாலேயே ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டாள்.

"எங்க தோண்டணுமோ தோண்டுங்கோ பாய்" என்றாள்.